காலில் ரத்தம், கணக்கில் 42 புள்ளி! பழைய ‘ஷூ’ படுத்திய பாடு

பழைய மாடல் கூடைப்பந்து ஷூ பார்க்க ‘ஜம்’மென்று இருக்கும். போட்டு ஓடினால்தான் தெரியும் சேதி!

1998 மார்ச் 8-ந் தேதி. நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். சிகாகோ அணியின் மைக்கேல் ஜோர்டான், தன் பழைய ‘ஏர் ஜோர்டான்’ முதல் மாடலை மாட்டிக்கொண்டு இறங்கினார். அது 1985-ல் கடைக்கு வந்த மாடல். பாதி ஆட்டத்திலேயே காலில் ரத்தம்! ஆட்டம் நன்றாகப் போனதால் கழற்ற மனசு வரவில்லை. 42 புள்ளி குவித்தார். கழற்றினால், காலுறையெல்லாம் ரத்தம்!

அந்த மாடலில் காற்று மெத்தை குதிகாலுக்கு மட்டும்தான். 1917-ல் வந்த கான்வர்ஸ் துணி ஷூவில் அதுவும் கிடையாது, வெறும் தட்டை ரப்பர்.

சினிமாவுக்குப் போட அது போதும். நாளெல்லாம் நின்று வியாபாரம் பார்ப்பவர்கள் கடையிலேயே பத்து நிமிஷம் நடந்து பாருங்கள். “போடப் போட சரியாயிடும் சார்” என்பார் கடைக்காரர். கடிப்பது உங்கள் காலைத்தானே!