காட்டை அழித்த குற்றவாளி யார்?

ஒரு காடு அழிந்தது என்று செய்தி வந்தால், குற்றவாளியைத் தேடி நாம் வெகுதூரம் போவதில்லை. காட்டோரத்தில் குடியிருக்கும் ஏழையின் கோடரியும் அவனுடைய மாடும் உடனே கண்ணில் பட்டுவிடுகின்றன. கடலூர் ஜில்லாவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் பிச்சாவரம் கண்டற்காட்டைப் பற்றியும் இப்படித்தான் நெடுங்காலம் தீர்ப்புக் கூறப்பட்டு வந்தது. சுற்றுப்புறத்துக் கிராமத்தார் விறகுக்கு வெட்டினர், மாடுகளை மேய விட்டனர், அதனால் காடு குன்றியது என்பது அத்தீர்ப்பு. அது எவ்வளவு பிசகானது என்பதை ஆராய்ந்து பார்ப்பது, கடற்கரையெங்கும் கண்டல் நட வேண்டுமென்ற உற்சாகம் மிகுந்திருக்கும் இந்நாளில் மிகவும் அவசியமென்று கருதுகிறோம்.

முதலில் அம்மரங்களின் இயல்பை அறிய வேண்டும். மற்ற மரங்கள் ஒரு வாரமும் உயிர் தரிக்க முடியாத இடத்தில் வாழப் பழகியவை அவை. காற்றுப் புகாத சேற்றில் வேர் மூச்சுத் திணறும் என்பதால், வெண்கண்டல் தன் வேர்களிலிருந்து விரல் விரலாக மூச்சுவேர்களை மேலே நீட்டுகிறது. சுரபுன்னை, கொம்பூன்றி நிற்கும் கிழவனைப் போல், தாங்குவேர்களை நாற்புறமும் ஊன்றி நிற்கிறது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அவ்வுப்பில் பெரும்பகுதியைச் சுரபுன்னை வேரிலேயே தடுத்துவிடுகிறது. வெண்கண்டலோ உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, நீண்ட நாற்றாகிய பிறகே சேற்றில் விழுகிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த தில்லை மரமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. இத்தனை கஷ்டங்களை வென்று நிற்கும் மரங்கள், மாடு கடித்ததாலும் நாலு கட்டு விறகு வெட்டியதாலும் மட்டும் நூற்றுக்கணக்கான ஏக்கரில் மீள முளைக்காமல் போகுமா?

உண்மை வேறிடத்தில் இருந்தது. 1910களில் தொடங்கி, அன்னிய ஆட்சியின் வன இலாகா இக்காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் மரங்களை அடியோடு வெட்டி விற்று வந்தது. வெட்டிய இடத்தில் காடு தானே தழைக்கும், சில பத்தாண்டுகளில் மறுபடியும் வெட்டலாம் என்பது அவர்கள் கணக்கு. மேட்டு நிலத்துக் காடுகளிலிருந்து கற்ற அந்தக் கணக்கு சேற்று நிலத்துக்குப் பொருந்தவில்லை. வருமானத்தைக் கணக்கிட்ட காகிதங்களில் நீரின் போக்குக்கு இடமில்லை. நாடு சுதந்திரம் பெற்ற பின்னும் இவ்வழக்கம் உடனே நின்றுவிடவில்லை. 1970களை ஒட்டியே ஓய்ந்தது. ஆகவே இதில் அன்னியரை மட்டும் குறை கூறித் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

அடியோடு வெட்டியதால் விளைந்தது என்ன? நிழல் போயிற்று. வெயில் நேராகச் சேற்றின் மேல் விழுந்தது. மண்ணிலிருந்த ஈரம் ஆவியாக, மண் சுருங்கி அமிழ்ந்தது. சமமாக இருந்த நிலம் நடுவில் குழிந்து தாம்பாளம் போலாயிற்று. அப்பக்கத்துக் கடலில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஏறிய நீர் பள்ளத்தில் புகுந்தது. இறங்கும்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. கோடையில் நீர் வற்ற, உப்பு மட்டும் தங்கியது. அடுத்த ஓதம் மேலும் உப்பைக் கொணர்ந்தது. கடல் நீரைப் போல் இரு மடங்கு உப்பிலும் குன்றிய உருவோடேனும் உயிர் தரிக்க வல்லது வெண்கண்டல். அதுவும் அங்கே முளைக்க முடியவில்லை. உமரிச் செடி மட்டுமே படர்ந்த உவர்ப் பொட்டலாக அவ்விடம் மாறிற்று. மாடு மேயாத இடத்திலும் மரம் முளைக்காததன் காரணம் இதுவே.

நோயின் காரணம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், வன இலாகாவோடும் கிராமத்தாரோடும் சேர்ந்து, அப்பள்ளங்களில் வாய்க்கால்கள் வெட்டினர். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து மீன் முள்ளைப் போல் இருபுறமும் சாய்ந்து செல்லும் கிளை வாய்க்கால்கள். ஓதநீர் தாராளமாக வந்து போயிற்று. தங்கியிருந்த உப்பை அலசிக்கொண்டு சென்றது. வாய்க்கால்களின் சரிவில் நட்ட நாற்றுகள் வேர் பிடித்தன. 1986க்கும் 2002க்கும் இடையே, விண்ணிலிருந்து எடுத்த படங்களின்படி, பிச்சாவரத்தில் கண்டல் மூடிய பரப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. குற்றவாளிகள் என்று ஒதுக்கப்பட்டிருந்த கிராமத்தாரே இந்த வேலையில் பங்காளிகளாக இருந்தனர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இதனோடு புயலின் செய்கையையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 2018 நவம்பர் 16ஆம் தேதி, வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், காவிரிப் படுகையின் கடைக்கோடியிலுள்ள முத்துப்பேட்டைக் காட்டைச் சூறையாடிற்று. இலை உதிர்ந்து, கிளை முறிந்து, பச்சை நிறமே அற்று நின்ற காட்சி கண்டோரைக் கலங்க வைத்தது. ஆனால் அக்காட்டில் மிகுந்திருப்பது வெண்கண்டல். கிளை ஒடிந்தாலும் அடிமரத்திலிருந்து துளிர்விடும் வல்லமை அதற்கு உண்டு. சுரபுன்னைக்கு அந்த வல்லமை மிகக் குறைவு. அது விழுந்தால் நாற்றுகளே அதன் இடத்தை நிரப்ப வேண்டும். எவ்வாறாயினும், நீரோட்டம் செம்மையாக இருக்குமிடத்தில் புயற்காயம் காலத்தால் ஆறக்கூடியது. சூறைக்காற்று ஒரு நாள் அடித்து ஓய்கிறது. அடைபட்ட நீரோ ஆண்டு முழுவதும் ஓயாமல் கொல்கிறது. முன்னதைத் தாங்கும் வழியைக் கண்டல் மரம் நெடுங்காலமாகப் பழகியிருக்கிறது. பின்னதற்கு அதனிடம் மாற்று இல்லை.

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது, இக்காட்டின் மறைவிலிருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்ததென்று கண்டனர். கரையிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமும் அதில் எவ்வளவு பங்கு கொண்டன என்று அறிஞர்கள் வாதித்தனர். அவ்வாதத்தின் முடிவு எதுவாயினும், கடலுக்கும் குடிசைக்கும் இடையே ஒரு காடு நிற்பது நல்லதென்பதை அக்கரையில் வாழும் மீனவருக்கும் இருளருக்கும் எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. இறாலும் நண்டும் மீன் குஞ்சும் வளர்வது அந்த வேர்களின் நிழலில்தான்.

2022இல் பிச்சாவரம் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம் பெற்றது. 2023ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் கண்டல் வளர்ப்புக்கென்று ஒரு திட்டமும் அறிவிக்கப்பட்டது. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், நட்ட நாற்றுகளின் எண்ணிக்கையைப் பறைசாற்றுவதோடு காரியம் முடிந்ததாக எண்ணினால், பழைய வன இலாகா செய்த அதே பிழையை நாம் வேறு உருவில் செய்தவர்களாவோம். நீர் வந்து போகாத உவர்ப் பொட்டலில் லட்சம் நாற்று நட்டாலும் அடுத்த கோடையில் லட்சம் குச்சிகளே எஞ்சும். வாய்க்கால் வெட்டுவது முதல் வேலை; அது தூர்ந்து போகாமல் காப்பது நித்திய வேலை. தூர்வாராத வாய்க்காலால் வயல் படும் பாடு டெல்டா விவசாயிக்குத் தெரியும். காட்டின் கதியும் அதுவே.

மற்றொன்றும் உண்டு. கண்டலுக்கு உப்பு மட்டும் போதாது; ஆற்றின் நன்னீரும் வேண்டும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்த பின்னும், அதன் பின் மேலே எழுந்த அணைகளாலும், காவிரிக் கிளைகளின் வழியே கடலைச் சேரும் நீர் குறைந்து வந்திருக்கிறது. கடலில் கலக்கும் நீர் வீணாகும் நீர் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. அந்த நீரைக் குடித்து ஒரு காடு வாழ்கிறது. அந்தக் காட்டை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. பயிருக்கு நீர் பங்கிடும் அதிகாரிகள், கடைமடைக்கும் அப்பாலுள்ள இந்தப் பங்காளியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிராமத்தாரைக் கூண்டிலேற்றிய பழைய தீர்ப்பு பிழையென்று நிலமே காட்டிவிட்டது. இனி நீருக்கு வழி விடுவதுதான் அதற்குத் தக்க பரிகாரம்.