ஜைரோ மறைச்சு வெச்ச ஆட்டம்

இந்த வார எபிசோட்ல ட்ரோன் பதிவு பத்திப் பேசிட்டு இருக்கும்போது என் ஹெலிகாப்டர் கதையை ஆரம்பிச்சு, நேரமாச்சுன்னு பாதியிலேயே விட்டுட்டேன். அது மைக்ல சொல்ற கதையும் இல்லை. விரலால பிடிச்சு ஆட்டிக் காட்டணும். அந்த மிச்சத்தை இங்கே எழுதறேன்.

என்கிட்ட இருக்கிறது 600 சைஸ் எலக்ட்ரிக் ஹெலி. உள்ளே சாதாரண மெக்கானிக்ஸ், வெளியே பெல் 212 உடம்பு. அபுதாபி ஏவியேஷன் கடல் நடுவுல இருக்கிற எண்ணெய் தளங்களுக்கு ஆள் ஏத்திட்டுப் போன அதே மாடல். ஆறு மாசம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து ரிவெட் எல்லாம் ஒட்டினேன். பார்க்க அழகா இருக்கும். ஆனா இந்த ஸ்கேல் உடம்புல ஒரு சிக்கல் இருக்கு. எது தேயுதோ அதை அது மூடி வெச்சிடும்.

2022 ஜனவரி முதல் வாரம் கடைசியா பறக்க விட்டேன். ஹோவர்ல வால் லேசா இடமும் வலமுமா துடிச்சுது. டிரான்ஸ்மிட்டர்ல டெயில் ஜைரோ கெயினைக் கொஞ்சம் குறைச்சேன், துடிப்பு நின்னுடுச்சு. "டியூனிங் முடிஞ்சது"ன்னு பெருமையா பெட்டியில வெச்சேன். ஜனவரி 17 அபுதாபியில் தாக்குதல் நடந்தது. 22ஆம் தேதியிலிருந்து ட்ரோன், இலகு ரக விளையாட்டு விமானம் எதையும் தனி ஆட்கள் பறக்க விடக் கூடாதுன்னு உள்துறை அமைச்சகம் நிறுத்திடுச்சு. ஹெலி அலமாரிக்கு மேலே போச்சு. மூணு வருஷம் அங்கேயே இருந்தது.

2025 ஜனவரி 7 முதல் தனிநபர் தடையைப் பகுதியா தளர்த்தினாங்க. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, 5ஆம் தேதி, குஜராத் போர்பந்தர்ல இந்தியக் கடலோரக் காவல் படையோட துருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூணு பேர் இறந்தாங்க. எங்க வீட்டு டிவியில அந்தச் செய்தி ஓடிட்டு இருந்த வாரம்தான் நான் பெட்டியைத் திறந்தேன்.

கதையை அங்கே நிறுத்திட்டு, லிங்கேஜ்னா என்னன்னு சொல்லிடறேன். நீங்க ஸ்டிக்கை நகர்த்தினா ரிசீவர் வழியா சர்வோ மோட்டார் திரும்பும். சர்வோவோட கை ஒரு மெல்லிய கம்பியைத் தள்ளும். அந்தக் கம்பி, ரோட்டார் தண்டைச் சுத்தி இருக்கிற ஸ்வாஷ்பிளேட்ங்கிற தட்டைச் சாய்க்கும், இல்லைன்னா ஏத்தி இறக்கும். இந்தத் தட்டு ரெண்டு பாதி. கீழ்ப்பாதி சுத்தாது, மேல்பாதி ரோட்டாரோட சேர்ந்து சுத்தும், நடுவுல ஒரு பேரிங். மேல்பாதியிலிருந்து இன்னும் ரெண்டு கம்பி போய் இறக்கையோட கோணத்தை மாத்தும். வாலுக்குத் தனியா ஒரு நீளக் கம்பி. ஒவ்வொரு கம்பி முனையிலும் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அது ஒரு சின்ன உலோக உருண்டை மேல 'டக்'னு உட்காரும். அதுதான் பால் லிங்க். உங்க தோள்பட்டை மூட்டு மாதிரி எந்தப் பக்கமும் திரும்பும். என் ஹெலியில எண்ணினா 14 வருது.

ஒவ்வொரு மூட்டிலும் 0.2 மில்லிமீட்டர் தளர்ச்சி இருக்குன்னு வைங்க. கண்ணுக்கே தெரியாது. வரிசையா மூணு மூட்டு சேர்ந்தா 0.6. இறக்கையைப் பிடிச்சிருக்கிற கிரிப்போட கை 20 மில்லிமீட்டர்னா, இறக்கைக் கோணத்துல அது 1.7 டிகிரி. ஹோவருக்கே அஞ்சாறு டிகிரிதான் தேவைப்படும். அதுல ஒன்றரை டிகிரிக்கு மேல யார் கட்டுப்பாட்டிலும் இல்லை.

அப்போ ஏன் எனக்குத் தெரியலை? ஜைரோவாலதான். பழைய மாடல்ல ரோட்டாருக்கு மேலே ஃப்ளைபார்னு ஒரு கம்பி சேர்ந்து சுத்தும். நிஜ பெல் ஹெலிகாப்டர்ல ஆர்தர் யங் கொண்டுவந்த ஸ்டெபிலைசர் பாரோட சொந்தக்காரன்னு சொல்லலாம். (அவர் அதைக் கண்டுபிடிச்சதே சின்ன மாடல்களை வெச்சுத்தான். முழு சைஸ் எல்லாம் பிறகு வந்தது.) இப்போ அந்த வேலையைச் சென்சாரும் சாஃப்ட்வேரும் செய்யுது. ஹெலி சாயுதுன்னு தெரிஞ்ச உடனே சர்வோவைத் திருப்பி சரி பண்ணும். மூட்டு தேஞ்சிருந்தா கொஞ்சம் அதிகமா திருப்பும். உங்களுக்கு ஹெலி நேராத்தான் நிக்கும். ஆபீஸ்ல செத்துட்டு இருக்கிற ஒரு சர்வரை ரீட்ரை லாஜிக் காப்பாத்திட்டே இருக்கும், டாஷ்போர்டு பச்சையா இருக்கும் இல்லையா, அதே கதை. ஒரு கட்டத்துக்கு மேல ஜைரோ கொடுக்கிற திருத்தம் எல்லாம் அந்தத் தளர்ச்சியிலேயே காணாம போகும். அது கடந்ததும் ஓவரா திருத்தும், மறுபடி எதிர்ப்பக்கம் திருத்தும். அந்தத் துடிப்பைத்தான் நான் பார்த்தேன். கெயினைக் குறைச்சப்போ நோயைக் குணப்படுத்தலை. அலாரத்தைத்தான் ஆஃப் பண்ணினேன்.

இதைக் கண்டுபிடிச்சது நான் இல்லை, எங்க அப்பா. ஷார்ஜா இன்டஸ்ட்ரியல் ஏரியாவில ஒரு கராஜ்ல இருபத்தஞ்சு வருஷம் வேலை பார்த்தவர். ஹெலியைப் பார்த்ததும் ரிவெட்டைப் பார்க்கலை, வர்ணத்தைப் பார்க்கலை. வால் இறக்கையை ரெண்டு விரலால பிடிச்சு முறுக்கினாரு.

"மக்ளே, இதுல ப்ளே கெடக்கு."

"ஜைரோ பார்த்துக்கும் அப்பா."

"பவர் ஸ்டியரிங் வண்டியிலதான் டை ராட் எண்டு போனது லேட்டா தெரியும். ஸ்டியரிங் லேசா இருக்குன்னு ஓட்டிட்டே இருப்பான்."

சொல்லிட்டே வால் கம்பியோட முனையை இழுத்தாரு. இடுக்கி இல்லாம, வெறும் விரல்லயே மூடி உருண்டையிலிருந்து கழண்டு வந்துடுச்சு. நல்ல லிங்க்கைக் கழட்ட அதுக்குன்னு இருக்கிற பிளையர் வேணும். கடைசியா பறந்த அன்னிக்கு அக்கா பையன் எனக்குப் பக்கத்துல நின்னுட்டு இருந்தான். 1.35 மீட்டர் விட்டமுள்ள ரோட்டார் நிமிஷத்துக்கு 1,500 தடவை சுத்தினா இறக்கை நுனி மணிக்கு சுமார் 380 கிலோமீட்டர் வேகத்துல போகும். 2013 செப்டம்பர்ல நியூயார்க் புரூக்ளின் பார்க்ல ஒரு 19 வயசுப் பையன் தன்னோட ஆர்சி ஹெலி அடிச்சு அங்கேயே இறந்துபோனான். பொம்மைன்னு சொல்றவங்களுக்கு நான் இதைச் சொல்றது வழக்கம். அன்னிக்கு எனக்கே சொல்லிக்க வேண்டியிருந்தது.

சரி, எப்படிப் பார்க்கிறது? முதல்ல மோட்டாருக்குப் போற மூணு ஒயரையும் கழட்டுங்க. இதுல சமரசம் இல்லை. அப்புறம் ரிசீவருக்கு மட்டும் கரண்ட் கொடுத்தா சர்வோ எல்லாம் இறுக்கிப் பிடிச்சுக்கும். இப்போ இறக்கை கிரிப்பை மெதுவா முறுக்கிட்டே, இன்னொரு கை விரல் நுனியை ஒவ்வொரு மூட்டு மேலயும் வைங்க. எந்த மூட்டுல 'டிக்'னு ஒரு சின்ன அசைவு வருதோ அதான் குற்றவாளி. கண்ணைவிட விரல் நல்லா சொல்லும். சில நேரம் தப்பு லிங்க்ல இருக்காது, சர்வோ பல்சக்கரத்துல இருக்கும். ஸ்வாஷ்பிளேட்டையும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, அதோட பேரிங்கும் தேயும்.

அடுத்து, கம்பியோட ஒரு முனையை மட்டும் கழட்டி, தொங்க விட்டு ஆட்டுங்க. தன் எடையிலேயே தடங்கல் இல்லாம விழணும். விழாம நின்னா இறுக்கம். அதுவும் கெடுதல்தான், சர்வோ சின்ன அசைவு எதையும் கொடுக்க முடியாது. புது லிங்க் பெரும்பாலும் இறுக்கமா வரும். அதுக்குன்னு ஒரு ரீமர் இருக்கு, ஒரு சுத்து கொடுத்தா போதும். தளர்ந்த லிங்க்கை நசுக்கி இறுக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, தூக்கிப் போடுங்க. மொத்த செட்டோட விலையும் கராமாவில ரெண்டு பேர் சாப்பிடற பில்லுக்குள்ள அடங்கும்.

நம்ம ஊர் விஷயம் ஒண்ணு. வளைகுடாவில பால் லிங்க்ல எண்ணெய் போடாதீங்க. எனக்கு இது ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சது. வெளிநாட்டு வீடியோவில ஒரு சொட்டு விடச் சொல்வாங்க, அவங்க பச்சைப் புல்வெளியில பறக்க விடறவங்க. இங்கே மாவு மாதிரி பறக்கிற மணல் அந்த எண்ணெய்ல ஒட்டிக்கிட்டு, உருண்டையை அரைக்கிற பேஸ்டா மாறிடும். கோடையில கடல்காத்து ஈரமும் சேரும், இரும்பு உருண்டையில துரு சொரசொரப்பு வரும். சொரசொரப்பான உருண்டையில புது லிங்க் போட்டாலும் சீக்கிரமே தேஞ்சிடும். அதனால உருண்டையையும் நகத்தால தடவிப் பாருங்க. ஒவ்வொரு பறத்தலுக்கும் அப்புறம் உலர்ந்த பிரஷ்ஷும் துணியும் போதும். வால் தண்டுல சறுக்குற ஸ்லைடரையும் துடைங்க. அப்புறம், ஹெலியை கார்ல வெச்சுட்டு மால்க்குள்ள போகாதீங்க. ஜூலையில மூடின காருக்குள்ள இருக்கிற சூடு பிளாஸ்டிக்குக்கும் ஆகாது, பேட்டரிக்கு சுத்தமா ஆகாது.

மாத்தும்போது பழைய கம்பியோட நீளத்தை, மூடியோட நடுவிலிருந்து நடுவுக்கு, காலிப்பர்ல அளந்து எழுதி வெச்சுக்கங்க. எம் 2.5 திருகுன்னா ஒரு முழு சுத்துக்கு 0.45 மில்லிமீட்டர் மாறும். மேலே போட்ட அதே கணக்குல அது 1.3 டிகிரி. பல லிங்க்ல ஒரு பக்கம் எழுத்து இருக்கும், அது வெளிப்பக்கமா வரணும். அதனால அரை சுத்து விட முடியாது. ரெண்டு இறக்கைக் கம்பியும் சமமா இல்லைன்னா இறக்கைகள் ரெண்டு தனித்தனி தளத்துல ஓடும், ஹெலி நடுங்கும். அந்த நடுக்கமே மத்த மூட்டுகளைத் தின்னும். உலோகத்துல உலோகம் சேர்ற திருகுக்கு நீல திரெட்லாக் ஒரு துளி. பிளாஸ்டிக் பக்கம் வேண்டாம்.

நிஜ ஹெலிகாப்டர்லயும் இதே சங்கிலிதான். 2023 மார்ச்ல ரெண்டு துருவ், ஒண்ணு மும்பைக்கு அப்பால் கடல்ல இறங்கினது, இன்னொண்ணு கொச்சியில விழுந்தது. அதுக்கப்புறம் பேச்செல்லாம் கன்ட்ரோல் ராட் மேலதான். அலுமினிய ராடை எடுத்துட்டு ஸ்டீல் ராட் போட்டாங்க. போர்பந்தர் விபத்துல ஸ்வாஷ்பிளேட் உடைஞ்சிருந்ததா விசாரணையில தெரிஞ்சது. 300க்கும் மேற்பட்ட துருவ்களை அப்போ தரையிறக்கி வெச்சாங்க. 2018 அக்டோபர் 27 லெஸ்டர் சிட்டி மைதானத்திலிருந்து கிளம்பின ஏடபிள்யூ169ல பிரச்சினை வால்ல. உள்ளே இருந்த ஒரு பேரிங் இறுகி, கன்ட்ரோல் தண்டு கழண்டுடுச்சு. பைலட் பெடலை மிதிச்சதுக்கு வால்லேர்ந்து பதிலே இல்லை. அஞ்சு பேர் இறந்தாங்க. அந்த பேரிங் வெளியிலிருந்து பார்த்தா தெரியற இடத்துல இல்லை.

அதைப் படிச்ச ராத்திரிதான் என் பெல் 212 உடம்புல பிளேடை எடுத்து ஓட்டை வெட்டினேன். வால் கம்பி சர்வோவில சேர்ற இடத்துல, விரல் நுழையற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. ரிவெட் வரிசை ஒண்ணு போச்சு. ஸ்கேல் பிரியர்கள் மன்னிக்கணும்.

14 லிங்க்கும் மாத்தினேன், துருப்பிடிச்சிருந்த மூணு உருண்டையும் மாத்தினேன். பதிவு எல்லாம் முடிச்சு ஒரு வெள்ளிக்கிழமை காலையில, அப்பாவையும் அக்கா பையனையும் நல்ல தூரத்துல கார் பக்கம் நிக்க வெச்சுட்டு, டெயில் கெயினைப் பழைய அளவுக்கே ஏத்தி ஹோவர் பண்ணினேன். வால் அசையலை. இறக்கினதும் அப்பா வந்து மறுபடி விரலால முறுக்கிப் பார்த்தாரு. ஒண்ணும் கிடைக்கலை போல. "கிரீஸ் வைக்கலையா?"ன்னு மட்டும் கேட்டாரு. மணல் கதையைச் சொன்னேன். இருபத்தஞ்சு வருஷம் கிரீஸ் கன் பிடிச்ச மனுஷன், நம்பின மாதிரி தெரியலை.