படகுத்துறை ஆங்கிலத்தில் பெயரும் வினையும்



இராமேசுவரத்துப் படகுத்துறையில் சிறிது நேரம் நின்று செவி கொடுத்தால், ஆங்கிலப் பள்ளியின் வாசலையே மிதியாதவர் நாவிலும் ஆங்கிலச் சொற்கள் தாராளமாகப் புழங்குவதைக் கேட்கலாம். "டோக்கன் வாங்கியாச்சா?", "என்ஜினை ஸ்டார்ட் பண்ணு", "ஐஸ் போடு", "புரொப்பல்லரைச் செக் பண்ணணும்", "லோடு ஏத்தியாச்சு" என்றெல்லாம் பேச்சு நடக்கிறது. இத்தனை சொற்களைத் தாய்ப்பாலோடு பருகி வளர்ந்த பிள்ளை பள்ளிக்கு வருகின்றான். வினாத்தாளில் பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் பெயருக்குப் பதிலாக வரும் சொல்லையும் எடுத்தெழுதுக என்ற வினாவைக் காண்கின்றான், திகைக்கின்றான். பிறகு, "எனக்கு ஆங்கிலம் வராது" என்று தானே தீர்ப்பும் கூறிக்கொள்கின்றான். அத்தீர்ப்பு தவறானது. அவனுக்கு வராதது ஆங்கிலச் சொல் அன்று. அச்சொல் தன் சொந்த வீட்டில் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்ற செய்தியே.

மேலே கூறிய பேச்சை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். "ஸ்டார்ட்" என்பது ஆங்கிலத்தில் தனித்து நின்று வினையாகும். தமிழனோ "ஸ்டார்ட்டினான்" என்று சொல்வதில்லை; "ஸ்டார்ட் பண்ணினான்" என்கின்றான். காரணம் வெளிப்படை. தமிழில் வினைமுற்று என்றால் காலம் காட்டவேண்டும். செய்தவன் யார் என்பதையும் ஈற்றில் காட்டவேண்டும். அந்தச் சுமையை அயல்மொழிச் சொல்லின் தலையில் ஏற்றாமல், "பண்ணு", "போடு", "அடி" என்னும் நம் வினைகளின்மீதே ஏற்றிவிடுகின்றோம். ஆகவே நம் பேச்சிற் புகுந்த ஆங்கிலச் சொல் பெரும்பாலும் பெயராகவே அமர்ந்துவிடுகின்றது. ஆங்கில வகுப்பில் அதே சொல் வினையாக எழுந்து நிற்கும்போது, பழகிய முகம் அடையாளம் தெரியாமற் போகின்றது.

இதற்கு மருந்து நம் இலக்கணத்திலேயே இருக்கின்றது. தொல்காப்பியம் சொற்களுள் பெயரையும் வினையையும் தலைமையாக வைத்து, இடைச்சொல்லையும் உரிச்சொல்லையும் அவற்றைச் சார்ந்தனவாகக் கூறும். வினை வேற்றுமை உருபை ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்பது அதன் விதி. இந்த இரு சோதனைகளையும் சிறிது மாற்றி ஆங்கிலத்தில் வைத்துப் பார்க்கலாம். காலத்திற்கேற்ப உருமாறினால் வினை. முன்னால் "எ" அல்லது "தி" வந்து பொருந்தினால், அல்லது ஒருமை பன்மை கொண்டால், பெயர்.

ஆனால் ஒன்று. சொல்லைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு இச்சோதனையைச் செய்தல் கூடாது. "ஃபிஷ்" பெயரா வினையா என்று எவரேனும் கேட்டால், "எந்த வாக்கியத்தில்?" என்று திருப்பிக் கேளுங்கள். "தே ஈட் ஃபிஷ்" என்றால் மீன் உண்கிறார்கள், அது பெயர். "தே ஃபிஷ் அட் நைட்" என்றால் இரவில் மீன் பிடிக்கிறார்கள், அது வினை. எழுத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை, இடம் மாறியது. "ஐஸ்", "லோட்", "நெட்", "சால்ட்", "ஆங்கர்" யாவும் இவ்வாறே. "வீ ஐஸ் தி ஃபிஷ்" என்ற வாக்கியத்தில் "ஐஸ்" வினை. (நம் ஊரில் "ஐஸ் வைப்பது" என்றால் பொருளே வேறு, அதை இங்கே மறந்துவிடுங்கள்.)

இது ஆங்கிலத்தின் விந்தை என்று எண்ணவேண்டா. "ஓடு" என்று யான் சொன்னால், கூரை ஓடா, ஓடச் சொல்கின்றேனா? "பிடி", "படி", "அடி", "கட்டு" என்பனவும் அப்படியே. தமிழில் சில சொற்களுக்கு உள்ள இயல்பு ஆங்கிலத்திற் பல சொற்களுக்கு உண்டு, அவ்வளவே.

பெயர் பெயருக்கு அடையாய் வரும் இடத்தில்தான் மாணவர் மிகுதியும் மயங்குகின்றனர். சென்னையிலிருந்து தனுஷ்கோடி சென்று, தலைமன்னார்க் கப்பலோடு இணைந்த புகைவண்டிக்குப் "போட் மெயில்" என்று பெயர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பெயர் அழியவில்லை. இதில் "போட்" என்பது யாது? "மெயில்" என்பதற்கு அடையாய் நின்றாலும் அது பெயர்ச்சொல்லே. நம் "படகுத்துறை"யில் "படகு" பெயராய் இருப்பது போல. 2025இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலம் "லிஃப்ட் பிரிட்ஜ்" ஆகும். 1914இல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாய்ப் பிளந்து இருபுறமும் எழுந்தது, புதியதிலோ 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி செங்குத்தாக மேலே உயர்கின்றது. அப்பகுதியை உயர்த்துகிறார்கள் என்று சொல்லும்போது அதே "லிஃப்ட்" வினையாகிவிடும்.

வானொலிக்கு ஏற்ற அடையாளம் ஒன்றும் உண்டு, அது செவிக்குரியது. "எக்ஸ்போர்ட்" என்னும் சொல்லின் முதற்பகுதியை அழுத்திச் சொன்னால் ஏற்றுமதி என்னும் பெயர். இரண்டாம் பகுதியை அழுத்தினால் ஏற்றுமதி செய் என்னும் வினை. "இம்போர்ட்", "பெர்மிட்", "ரெக்கார்ட்" என்பவற்றையும் இவ்வாறு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இனிப் பெயருக்குப் பதிலாக வரும் சொற்கள். தமிழில் இவை பெயரின் ஒரு பிரிவே. "மண்டபம் போனேன்" என்றால் போதும். "ஏன்" விகுதியே நான் என்பதைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் "வென்ட்" என்றால் போனது யாரோ! ஆகவே அங்கே "ஐ" இன்றியமையாதது. அதை விட்டுவிட்டு எழுதுவது நம் மாணவர் பலரின் பிழை. மற்றொரு பிழை மரியாதையாற் பிறப்பது: தந்தையை "அவர்" என்று சொல்லிப் பழகிய நா, ஆங்கிலத்திலும் "தே" என்கின்றது. அங்கே தந்தைக்கும் "ஹி" தான். "இட் இஸ் ரெய்னிங்" என்னும் வாக்கியத்தில் வரும் "இட்" எதைக் குறிக்கும் என்று தேடவேண்டா. ஒன்றையும் குறியாது, எழுவாயின் நாற்காலி காலியாக இருத்தல் ஆகாது என்று அமர்த்தப்பட்டது.

"தட்" என்னும் சொல்லுக்கு நம் மொழியே உரைகல். "அது" என்று பெயர்க்க முடிந்தால் பெயருக்குப் பதிலாக வந்தது. "அந்த" என்று பெயர்க்க நேர்ந்தால் அடையாக வந்தது. "என்று" எனப் பெயர்த்தால் இரண்டும் அன்று. இவ்விடத்தில் தமிழ் தெளிவு மிக்கது. "வீ" என்பதிலும் அப்படியே. "நாளைக் கடலுக்குப் போகிறோம்" என்பதை ஆங்கிலத்தில் "வீ" என்று தொடங்கினால், கேட்பவனும் படகில் ஏறவேண்டுமா இல்லையா என்பது விளங்காது. நாம் என்றால் அவனும் உண்டு; நாங்கள் என்றால் இல்லை.

நம் கடற்கரையிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சொல்லும் உண்டு: "கட்டமரான்". நம் கட்டுமரந்தான் அது. 17ஆம் நூற்றாண்டிலேயே அங்கே குடியேறிவிட்டது. தமிழில் அது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கும். இன்று ஆங்கிலத்தில் இரட்டை உடல் கொண்ட கலத்திற்குப் பெயராய், வேறு பிரிவற்ற ஒரே சொல்லாய் அது நிற்கின்றது. அதன் முற்பகுதியில் ஒரு வினை இருக்கின்றது என்று இலண்டன் மாணவனுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். பாம்பன் மாணவனுக்கு வேண்டியதில்லை.