சால்மன்: பெயர் ஒன்று, மீன் மூன்று

எல்லையோரச் சமையலறைக்கு ஒரு விலை உயர்ந்த விருந்தாளி வந்திருக்கிறது. அதைச் சட்டியில் கெடுக்காமல் இருப்பது எப்படி?

கோபாலபுரம் தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழைந்தாலும் சரி, போடிமெட்டு ஏறி இடுக்கிக்குள் இறங்கினாலும் சரி, மொழி மாறுவதற்கு முன்பே மீன் குழம்பு மாறிவிடுகிறது. கிழக்கே புளிக்கரைசலும் நல்லெண்ணெயும். மேற்கே குடம்புளியும் தேங்காய் எண்ணெயும். கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தமிழ் வீடுகளில் இரண்டுக்கும் இடமுண்டு. நகரத்து உறைமீன் கடைகள் வழியாக வரும் சால்மனும் இப்போது அந்த அடுப்பில் ஏறுகிறது.

முதல் சிக்கல் பெயர்தான். இந்தியக் கடலில் சால்மன் கிடையாது. 'இந்தியன் சால்மன்' என்று விற்கப்படுவது நமக்குப் பழக்கமான காலா மீன், மும்பையில் ராவஸ். சுவையான மீன்தான், ஆனால் சால்மனுக்கு உறவில்லை. அசல் சால்மன் நார்வே, சிலி போன்ற குளிர்நாடுகளின் பண்ணைகளில் வளர்ந்து ஐஸில் வருவது. அடையாளம் எளிது: காலாவின் சதை வெளுப்பு, சால்மனின் சதை ஆரஞ்சு, நடுநடுவே வெள்ளைக் கொழுப்பு வரிகள். பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுத்தால் நஷ்டம் வாங்குபவருக்கே.

சால்மனின் நிஜமான உறவினர் மூணாறு மலையிலேயே இருக்கிறது. டிரவுட் எனும் அந்த மீனை வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து ஓடைகளில் விட்டார்கள். ஹைரேஞ்ச் ஆங்லிங் அசோசியேஷன் அதைப் பேணியது. தேயிலை பறித்த தமிழர்களின் சட்டிக்காக வந்த மீன் அல்ல அது. அவர்களுக்குக் கருவாடுதான் கைகொடுத்தது. ராஜமலை ஓடைகள் 1978 முதல் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. அனுமதியின்றி அங்கே மீன் பிடிக்க முடியாது. உள்ளூர் மீன்களை விழுங்கிவிடும் டிரவுட், உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது.

இனி அடுப்புக்கு வருவோம். அயிரையைப் போலவோ வஞ்சிரத்தைப் போலவோ சால்மனைக் கொதிக்க விடக்கூடாது. அதிகம் வெந்தால் வெள்ளையாக ஒரு புரதம் கசியும், சதை நார் நாராகும். உறைந்த மீனை முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

குடம்புளிக் குழம்பு: தேங்காய் எண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை வதக்கி, மிளகாய்த்தூள் சேர்த்து, ஊறவைத்த குடம்புளியோடு மண்சட்டியில் நன்றாகக் கொதிக்க விடவும். எண்ணெய் பிரிந்த பிறகே துண்டுகளைப் போட்டு, தீயைக் குறைத்து, ஆறேழு நிமிடத்தில் இறக்கிவிடலாம். மீனிலேயே கொழுப்பு அதிகம் என்பதால் தேங்காய்ப்பால் தேவையில்லை. காலா மீனென்றால் கடைசியில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் ருசி கூட்டும்.

பொள்ளிச்சது: மிளகு, மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு தடவிய துண்டை, வதக்கிய வெங்காய மசாலாவோடு வாட்டிய வாழையிலையில் மடித்துத் தோசைக்கல்லில் போட வேண்டும். பக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும். முழு டிரவுட்டுக்கும் இந்த முறை பொருந்தும்.

வறுவல்: ஈரத்தைத் துடைத்து, தோல் பக்கத்தை முதலில் கல்லில் வைக்கவும். முக்கால் நேரம் அப்படியே வேகட்டும். பிறகு ஒரே ஒரு முறை திருப்பினால் போதும். சதை இதழ் இதழாகப் பிரிவதே பதம். வெப்பமானி உள்ளவர்களுக்கு உள்சூடு 63 டிகிரி செல்சியஸ் என்பது கணக்கு.

பலரும் சால்மனைத் தேடுவது இதயத்துக்கு நல்லது எனப்படும் ஒமேகா-3 கொழுப்புக்காக. அது மத்தி மீனிலும் தாராளம். அந்த மத்திக்கும் சோதனை வந்தது. கேரளக் கரையில் 2012-ல் சுமார் 3.9 லட்சம் டன் கிடைத்தது. 2021-ல் வெறும் 3,297 டன். பின்னர் மத்தி திரும்பி வந்துவிட்டது. விருந்துக்குச் சால்மன் வரட்டும். அன்றாடக் கப்பைக்கிழங்குக்குத் துணை மத்திதான்.