சுவரொட்டியில் மாறிய முகம்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியிலும் கல்வராயன் மலையடிவாரச் சுவர்களிலும் எம்.ஜி.ஆர். உருவத்தை நாம் இன்றும் காண்கின்றோம். பெரும்பாலும் வெண்தொப்பியும் கருங்கண்ணாடியுமாக. ஆயின், 1958இல் ‘நாடோடி மன்னன்’ பார்த்தோர் அறிந்தது வாளேந்திய வீரனையே. 1967 சனவரி 12இல் அவர் சுடப்பட்டபின், கழுத்துக் கட்டுடன் மருத்துவமனையில் இருந்த படமே தேர்தல் சுவரொட்டியாயிற்று. பரங்கிமலைத் தொகுதிக்கு வாக்குக் கேட்டுச் செல்லாமலேயே வென்றார். வெல்லற்கரிய வீரன் காயமுற்றுக் கிடந்த காட்சியே மக்களை உருக்கியது என்பது நம் கருத்து. 1984இல் அமெரிக்க மருத்துவமனைக் காட்சிகளும் அவ்வாறே பயன்பட்டன. 1987இல் அவர் மறைந்தபின்னரோ, நோயின் சாயல் படங்களிலிருந்து அகன்றது. சீனத்திலும், 1976இல் மறைந்த மாவோவின் படம் 1990களில் வாடகைக் கார்களில் காப்பாகத் தொங்கியது. இங்கே தூரிகையின் இடத்தைக் கணினிப் பதாகை பற்றியபின், ஓவியர்க்கு ஓவியர் வேறுபட்ட அம்முகத்தைக் காண்பது அரிதாயிற்று.