கேப்டன் ஆதவனுக்கு ஓர் இருமல்

ரசிகன் எடுத்த படம் – பகுதி 7

மழைக்காலம் பிறந்துவிட்டால் ஜொகூரின் மெர்சிங் படகுத்துறையைப் பார்க்கவே மனசு என்னவோ செய்யும். தியோமான் தீவுக்கு முண்டியடிக்கும் கூட்டம் இருக்காது. சீட்டு விற்கும் முகப்புகள் பாதி சாத்திக் கிடக்கும். ஆற்றுக்குள் மீன்பிடிப் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும்.

அந்த வெறிச்சோடிய இடம்தான் என் அக்காள் மகனுக்கு விண்வெளித் தளமாகத் தெரிந்திருக்கிறது. பதினாறு வயது. கூட நான்கு நண்பர்கள், ஒரு கைப்பேசி. மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தில் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றியிருந்தார்கள். படகுக்காரரிடம் கேட்டு வாங்கிய ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைதான் விண்வெளி உடை. முதுகில் படகின் பதிவெண் தெரியக்கூடாது என்று ஒட்டிய கறுப்பு டேப், மழையில் நனைந்து ஒரு முனை பிய்ந்து தொங்கியது. 'ஸ்டார் டிரெக்' பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அந்த உலகத்தில் தாங்களும் ஒரு கதை சொல்லவேண்டும் என்று ஆசை.

போன வாரம் பார்த்தோமே, 'ஆக்ஸனார்' என்ற 'ஸ்டார் டிரெக்' ரசிகர் படத்தின் மீது, அதன் உரிமையாளர்களான பாரமவுண்டும் சிபிஎஸ்ஸும் 2015 டிசம்பரில் வழக்குப் போட்ட கதை. அதன் தொடர்ச்சியாக 2016-இல் வந்த விதிகளில் ஒன்று, ஒரு ரசிகர் படம் தனிக் கதையாக இருந்தால் 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பது. பையன் அதையும் தெரிந்துதான் வைத்திருந்தான்.

"மாமா, கதையைப் படிச்சுட்டுச் சொல்லுங்க" என்று நோட்டை நீட்டினான்.

கேப்டன் ஆதவன். வயது 17. ஒன்பது மொழி பேசுவான். பழுதான இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சரிசெய்வான். 'ஸ்டார் டிரெக்' நாயகர்களில் ஒருவரான ஸ்பாக்கைச் சதுரங்கத்தில் தோற்கடிப்பான். அந்தக் கப்பலின் கேப்டன் கிர்க் எழுந்து நின்று தன் நாற்காலியையே அவனுக்குக் கொடுப்பார். பன்னிரண்டு பக்கத்திலும் அவனை ஒருவர்கூட ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

"எப்படி இருக்கு மாமா?"

"எழுத்து நல்லா வருது மருமகனே. ஆனா இவனுக்குப் பசிக்கவே பசிக்காதா?"

முகம் சுருங்கிவிட்டது. அவனைச் சமாதானப்படுத்தத்தான் அன்றைக்கு மேரி சூ கதையைச் சொன்னேன்.

1973-இல் பாலா ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண், 'மெனாஜரி' என்ற ரசிகர் சிற்றிதழில் மிகச் சிறிய கதை ஒன்றை எழுதினார். நாயகி லெப்டினன்ட் மேரி சூ. வயது பதினைந்தரை; விண்படையிலேயே இளைய அதிகாரி. கிர்க் அவளைக் கண்டதும் காதலிக்கிறார். ஸ்பாக் அவள் அறிவை வியக்கிறார். எல்லோரும் நோயில் விழும்போது கப்பலை அவளே நடத்துகிறாள். கடைசியில் எல்லோரும் சுற்றி நின்று அழ, உயிரை விடுகிறாள். அவள் பிறந்தநாள் கப்பலில் விடுமுறை நாளாகிறது. அந்தக் காலத்தில் ரசிகர்கள் எழுதிய கதைகள் பலவும் இந்த வார்ப்பில்தான் இருந்தன. அதைச் சுட்டிக்காட்டத்தான் அவர் எழுதினார். அப்புறம் குறையே இல்லாத பாத்திரம் எது வந்தாலும் 'மேரி சூ' என்பதே பெயராகிவிட்டது.

அந்தப் பெயர் பிறகு பயன்பட்ட விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. எழுதப் பழகும் சிறுமிகளின் தலையில்தான் அது அதிகம் வந்து விழுந்தது. அடிபட்டாலும் அசராத ஆண் நாயகர்களை அந்த அளவுக்கு யாரும் கேள்வி கேட்கவில்லை. தனக்குப் பிடித்த உலகத்துக்குள் போய் எல்லோராலும் நேசிக்கப்படவேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்படுவதில் தவறே இல்லை. பாசம் அதிகமானால் பெற்ற தாய்கூடப் பிள்ளையை வெயிலில் விடமாட்டாள். ரசிகன் தன் நாயகனைப் பொத்தி வைத்துக் காப்பதும் அப்படித்தான். ஆனால் வெயிலே படாத நாயகனோடு பார்ப்பவன் எப்படி ஒட்டுவான்?

குறையில்லாத நாயகன் வெளிநாட்டு வியாதி என்றும் சொல்ல முடியாது. பெருங்காப்பியத்துக்குத் தனக்கு நிகரில்லாத தலைவன் வேண்டும் என்று தண்டியலங்காரமே இலக்கணம் வகுக்கிறது. இளங்கோவடிகளின் கோவலனோ, பொருளையெல்லாம் தொலைத்துவிட்டு வெட்கத்தோடு வீடு திரும்புகிறவன். அவன் மதுரைக்கு நடக்கும்போது நமக்கு நெஞ்சு அடைப்பது அதனால்தான்.

நாயகனுக்கும் குறை வேண்டும் என்பதை ரசிகர் படங்களில் எனக்குத் தெரிந்து ஆழமாக உணர்ந்தவர்கள் மாலேகாவ்ன்காரர்கள். மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் இருக்கும் விசைத்தறி ஊர். வாரமெல்லாம் தறிச் சத்தம், வெள்ளிக்கிழமை விடுமுறை, விட்டால் சினிமா. வீடியோ கொட்டகை நடத்திய ஷேக் நாசிர், ஊர்க்காரர்களை வைத்தே 2000-இல் 'மாலேகாவ்ன் கே ஷோலே' எடுத்தார். அதற்குப் பிறகு அவர் கை வைத்தது சூப்பர்மேன் மீது. அந்தப் படப்பிடிப்பைத்தான் ஃபைசா அஹ்மத் கான் 'சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்ன்' என்று 2008-இல் ஆவணப்படமாக்கினார்.

அவர்களுடைய சூப்பர்மேன் ஷஃபீக் ஷேக், தறித் தொழிலாளி. எலும்பு தெரியும் ஒல்லி உடம்பு. கால்சட்டையில் நாடா வெளியே தொங்கும். ஊரின் தூசும் புகையும் நெஞ்சில் ஏறி, இந்த சூப்பர்மேனுக்கு மூச்சிரைப்பு. வில்லன் அழுக்கை நேசிப்பவன். பச்சைத் துணியை விரித்து, அதன் முன்னால் ஷஃபீக்கைப் படுத்தவாக்கில் தாங்கித்தான் பறக்க வைத்தார்கள். நடுவில் கேமரா தண்ணீரில் விழுந்து படப்பிடிப்பு நின்றது. நடுவிலேயே ஷஃபீக்கின் கல்யாணமும் நடந்தது.

வானத்தில் பறக்கிறவனுக்கு ஏன் மூச்சிரைப்பு? மாலேகாவ்ன் காற்றைச் சுவாசிக்கிற எவனுக்கும் அது வரும் என்பதால்தான். கிரிப்டன் கோளிலிருந்து வந்தவன் அந்த ஒரு இரைப்பில் அந்தத் தெருப் பிள்ளையாகிவிடுகிறான். கோடிக்கணக்கில் கொட்டி எடுத்த எந்த சூப்பர்மேனிடமும் நான் இதைக் கண்டதில்லை. 2012-இல் ஆவணப்படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது ஷஃபீக் உயிரோடு இல்லை. வாய்ப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. ரீமா காக்தி இயக்கிய 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகாவ்ன்' இந்த நண்பர்களின் கதைதான், 2025-இல் வெளிவந்தது.

நம் ஜொகூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் ஆர்டிஎம் ஒளிபரப்பிய 'கெலுவாங் மேன்' கார்ட்டூனின் நாயகன் யார்? தம்போய் மனநல மருத்துவமனையின் நோயாளி. இரவில் நழுவி வந்து ஊரைக் காப்பாற்றிவிட்டு மறுபடி வார்டுக்கே திரும்புகிறவன். மலேசியப் பிள்ளைகள் அவனை இன்றும் மறக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பையன் ஒன்றும் பேசாமல் நோட்டை வாங்கிக்கொண்டு போனான். நான்கு நாள் கழித்து வந்தான்.

"மாமா, கேப்டன் கப்பல் ஆத்து வாயில மாட்டிக்குது."

மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது. கடல்நீர் ஏறினால்தான் படகு வெளியே போக முடியும். தியோமான் படகின் நேரமே அதைப் பார்த்துத்தான் குறிக்கப்படுகிறது. ஆதவனின் விண்கலமும் அங்கே இறங்கிச் சேற்றில் உட்கார்ந்துவிடுகிறது. ஒன்பது மொழி தெரிந்தும் நீர் எப்போது ஏறும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு கிழவரிடம் போய்க் கேட்கிறான். மழையில் நனைந்ததில் இருமல் வேறு. கிழவர் தன் போத்தலிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, "உக்காரு தம்பி, இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும்" என்கிறார். அவன் உட்காருகிறான். அந்த இருமலைப் பையன் நடிக்கவில்லை. மூன்று நாள் மழையில் நின்றதில் நிஜமாகவே வந்தது.

படம் 11 நிமிடம் ஓடுகிறது. கப்பல் கிளம்பும் காட்சி அதில் இல்லை.

அடுத்த வாரம் இதே கரையோரமாக வடக்கே, கிளந்தானுக்குப் போவோம். அங்கே ஒரு தோல்பாவைக் கூத்தில் 'ஸ்டார் வார்ஸ்' வில்லன் டார்த் வேடர் 'சங்கலா வேடே' என்ற பெயரில் திரைக்கு வருகிறான்.