மரக்காணம் வந்தால் முதுகு பேசும்!

புதுக் கார் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததுமே என்னவெல்லாம் கேட்கிறோம்? 'லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?', 'என்ன கலர்?', 'மாசத் தவணை எவ்வளவு?'. எல்லாம் சரிதான். 'பாட்டியால இதுல ஏறி இறங்க முடியுமா?' என்று யாராவது கேட்டீர்களா?

ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் எந்த சீட்டும் சொகுசாகத்தான் தெரியும். உண்மை தெரிய வேண்டுமா? சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குக் கிளம்புங்கள். நூறு கிலோமீட்டர் தாண்டி, மரக்காணம் உப்பளங்களும் வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களும் கண்ணில் படுகிற நேரம் இருக்கிறதே, அப்போதுதான் முதுகு பேச ஆரம்பிக்கும். 'இடுப்பு பிடிச்சுக்கிச்சு', 'கால் மரத்துப் போச்சு' என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும்.

காரணம் வயசு மட்டுமல்ல, சீட்டும்தான்! ஒரே கம்பெனியின் இரண்டு கார்களை வைத்தே இதைப் பார்ப்போம். மாருதியின் வேகன் ஆர் (2019-ல் வந்த மாடல்), ஸ்விஃப்ட் (2024-ல் வந்த மாடல்).

நீளம் ஏமாற்றும்

ஸ்விஃப்ட்டின் நீளம் 386 செ.மீ. வேகன் ஆர் 365.5 செ.மீ. 'அப்போ ஸ்விஃப்ட்தான் பெரிசு' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தானே நாம் உட்காருகிறோம்? அந்த இடைவெளி ஸ்விஃப்ட்டில் 245 செ.மீ., வேகன் ஆரில் 243.5 செ.மீ. வித்தியாசம் வெறும் ஒன்றரை செ.மீ.! டிக்கியைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. நீளம் குறைந்த வேகன் ஆருக்கு 341 லிட்டர், ஸ்விஃப்ட்டுக்கு 265 லிட்டர்.

அகலத்தில் ஸ்விஃப்ட் (173.5 செ.மீ.) வேகன் ஆரைவிட (162 செ.மீ.) முந்துகிறது. பின் சீட்டில் மூன்று பேர் என்றால் தோள் இடிப்பது ஸ்விஃப்ட்டில் சற்றுக் குறைவு. ஆனால் மூன்று பெரியவர்களுக்கு இரண்டுமே நெருக்கடிதான். இரண்டு பெரியவர், ஒரு குழந்தை என்றால் சமாளிக்கலாம்.

மூட்டுக்குத் தெரியும் உயரம்

முக்கியமான விஷயம் உயரம். வேகன் ஆர் 167.5 செ.மீ., ஸ்விஃப்ட் 152 செ.மீ. ஏறக்குறைய அரை அடி வித்தியாசம். கூரை உயர்ந்தால் சீட்டையும் உயர்த்தி வைக்கலாம். அதனால் வேகன் ஆரில் நாற்காலியில் உட்காருவது போல இயல்பாக உட்காரலாம். தலையையும் அதிகம் குனிய வேண்டாம்.

ஸ்விஃப்ட்டில் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் எழுந்திருக்கும்போது உடம்பின் பாரம் முழுக்க மடங்கிய மூட்டில் விழும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும் இடுப்பு ஆபரேஷன் ஆனவர்களும் இதில்தான் திணறிப் போவார்கள்.

அதற்காக ஸ்விஃப்ட் மோசம் என்று அர்த்தமில்லை. உயரமான வண்டி வளைவுகளில் சற்று அதிகம் சாயும். கடற்கரைச் சாலையின் பக்கவாட்டுக் காற்றும் அதை அதிகம் தள்ளும். மூட்டுத் தொந்தரவு இல்லாத, நெடுந்தூரம் தானே ஓட்டுகிற இளவயசுக்காரர்களுக்கு ஸ்விஃப்ட் பொருத்தம். வீட்டில் முதியவர்கள் இருந்தால் வேகன் ஆர்.

மெத்தென்று இருந்தால் போதுமா?

2014-ல் தயாரிப்பு நின்றுபோன அம்பாசிடரின் சோபா சீட்டை நினைத்து இன்னும் ஏங்குகிறவர்கள் உண்டு. ஆனால் உட்கார்ந்ததும் அமுங்கிப் போகிற சீட் முதுகுக்கு நல்லதல்ல. இடுப்பின் வளைவைத் தாங்குகிற, ஓரளவு கெட்டியான சீட்தான் நல்லது. எந்தக் காராக இருந்தாலும் இதையெல்லாம் சோதியுங்கள்:

* சீட்டின் நுனிக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் இடைவெளி என்றால் தொடைக்குத் தாங்கல் போதாது.

* முதுகுச் சாய்மானம் நெட்டுக்குத்தாக வேண்டாம், லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கட்டும். இடுப்பு வளைவில் ஒரு சின்ன டவலைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம்.

* ஹெட்ரெஸ்ட்டின் மேல் விளிம்பு தலையின் உச்சி மட்டத்துக்கு வரட்டும். பின்னாலிருந்து வண்டி மோதினால் கழுத்தைக் காப்பாற்றுவது அதுதான். தலையை முன்னால் தள்ளுகிற குஷன்களைச் சொருகாதீர்கள்.

* ஓட்டுகிறவர் பெடலை முழுசாக அழுத்தும்போதும் முழங்கால் லேசாக மடங்கியே இருக்க வேண்டும். பின் பாக்கெட் பர்ஸை எடுத்து வெளியே வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாய்வதற்கு அதுவே போதும்!

* புதுசாகவே இருக்கட்டும் என்று சீட்டின் பிளாஸ்டிக் உறையை விட்டு வைக்காதீர்கள். மரக்காணம் பக்கத்து வெயிலில் வியர்த்து, வழுக்கி, உட்காரவே முடியாது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டாக இருந்தால் கண்ட கவரையும் மாட்டக்கூடாது.

பெரியவர்கள் ஏறும் விதம்

ஒரு காலை உள்ளே விட்டு, உடம்பைத் திருகி நுழைவதுதான் நம் பழக்கம். மாற்றுங்கள். முதலில் சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, மெதுவாக உட்கார வேண்டும். பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இறங்கும்போது இரண்டு காலும் தரையில் ஊன்றிய பிறகே எழுந்திருக்க வேண்டும்.

பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம். கர்ப்பிணிகள் கீழ்ப் பட்டையை வயிற்றுக்கு மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படும்படி போட வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை சீட்டில் உட்கார வையுங்கள்.

எவ்வளவு நல்ல சீட்டானாலும் ஓயாமல் உட்காரக் கூடாது. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதனால் மரக்காணத்தில் பாதுகாப்பான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது பாட்டியையும் கூட்டிப் போங்கள். இரண்டு காரிலும் மூன்று தடவை ஏறி இறங்கட்டும். 'ஓகே' சொல்ல வேண்டியது சேல்ஸ்மேன் இல்லை, அவர்தான்!